கடைசி நாலு கிலோ மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது?

கேள்வி: "எனக்கு வயது 38. உயரம் 158 செ.மீ. திருச்சியில் வங்கி வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்க வேண்டும். போன வருடம் 71 கிலோ இருந்தேன். இரவில் சாதத்தை நிறுத்தி, இனிப்பைக் குறைத்து, தினமும் 45 நிமிடம் நடந்து 62 கிலோவுக்கு வந்தேன். மூன்று மாதமாக அதே 62-தான். காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சாதம், இரவு இரண்டு சப்பாத்தி, இவ்வளவுதான் சாப்பிடுகிறேன். இதற்கு மேல் குறைக்க எதுவும் இல்லை. நடையை ஒன்றரை மணி நேரமாக்கட்டுமா? இல்லை, இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடட்டுமா? தையில் அண்ணன் மகள் கல்யாணம். அதற்குள் 58-க்கு வர வேண்டும் மேடம்."

பதில்: இரண்டுமே வேண்டாம். ஒன்பது கிலோ குறைத்து, அதை மூன்று மாதம் ஏறவிடாமல் பிடித்தும் வைத்திருக்கிறீர்கள். எடை குறைக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் தோற்றுப்போன மாதிரி நினைக்க வேண்டாம்.

எடை ஏன் நின்றது என்பதை முதலில் பார்ப்போம். 71 கிலோ உடம்பைச் சுமந்து நடப்பதற்கும் 62 கிலோ உடம்பைச் சுமந்து நடப்பதற்கும் செலவு ஒன்றல்ல. உடம்பு சிறுத்தால் உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும்கூட எரிப்பது குறையும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகள் கணக்கிட்டார். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் தினசரிச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது என்று அவரது குழு 2016-இல் எழுதியது. உங்கள் ஒன்பது கிலோவுக்கு இது நாளொன்றுக்கு 200 கலோரிக்குக் கொஞ்சம் மேலே வரும். அதே கணக்கில் இன்னொன்றும் சொன்னார்கள்: ஒரு கிலோ குறைந்தால் பசி 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. செலவு குறைவதைவிடப் பசி கூடுவது மூன்று, நான்கு மடங்கு. போன வருடம் உங்களை இறக்கிய அதே சாப்பாடு இன்று உங்களைச் சமநிலையில் நிறுத்திவைக்கிறது. பசியோ சத்தமில்லாமல் கையை இன்னும் கொஞ்சம் எடுக்கச் சொல்கிறது.

அந்த 'இன்னும் கொஞ்சம்' எங்கே ஒளிந்திருக்கிறது என்பதில்தான் உங்கள் நாலு கிலோ இருக்கிறது. கேள்வியில் இட்லி, சாதம், சப்பாத்தி என்று எண்ணிக்கையோடு சொன்னீர்கள். எண்ணெய், சட்னி, காபி, பதினோரு மணிக்கு அலுவலகத்தில் வரும் பிஸ்கட், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது, இவை எதையும் சொல்லவில்லை. நீங்கள் மறைத்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். யாருமே இவற்றைச் சாப்பாட்டுக் கணக்கில் வைப்பதில்லை. நியூயார்க்கில் நடந்து 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், "ஆயிரத்து இருநூறு கலோரிதான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவில்லை" என்று சொன்ன பத்துப் பேரின் உண்மையான கலோரிச் செலவையும் வரவையும் அளந்தார்கள். உடம்பு எரிப்பதில் கோளாறு இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே சொன்ன பொய்யாக நான் அதைப் பார்க்கவில்லை. நம் கண்ணும் நினைவும் அளப்பது அப்படித்தான்.

என் அறையில் ஒரு தாளிப்புக் கரண்டியும் மில்லி லிட்டர் கோடு போட்ட ஒரு டம்ளரும் எப்போதும் மேசை மேல் இருக்கும். சில மாதம் முன்பு வந்த ஒரு அம்மா, "பொரியலுக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய்தான் ஊத்துவேன்" என்றார். கரண்டியையும் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்து, வீட்டில் ஊற்றுகிற மாதிரியே ஊற்றச் சொன்னேன். பேசிக்கொண்டே சரித்தார். டம்ளரில் கொட்டி அளந்தோம். நாற்பது மில்லி. எண்ணெயாக இருந்தால் 330 கலோரிக்கு அருகில். மூன்று பேர் பங்கிட்டாலும் ஆளுக்கு 110. கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தவர், "அப்போ தோசைக்குச் சுத்தி ஊத்துறது?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு உணவு அட்டவணையே எழுதித் தரவில்லை. அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். இன்னும் எளிய வழி, மாதத்துக்கு எத்தனை பாக்கெட் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று பார்ப்பது. நாலு பேர் உள்ள வீட்டில் எல்லா எண்ணெயும் சேர்த்து ஐந்து லிட்டர் தீர்கிறது என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 340 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும் வருகிறது. அதையே மூன்று லிட்டராக்கினால் 205 ஆகும். சாதத்தில் ஒரு பருக்கை குறைக்காமல் 135 கலோரி மிச்சம். செக்கு எண்ணெயா ரீஃபைண்டா, நல்லெண்ணெயா கடலை எண்ணெயா என்பது வேறு பேச்சு. எல்லாமே கிராமுக்கு ஒன்பது கலோரிதான்.

அடுத்தது காபி. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலில் கொழுப்பு 6 சதவீதம், நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம். ஒரு காபிக்கு 100 மில்லி பால், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்று வையுங்கள். மூன்று வேளைக்கு ஆரஞ்சுப் பாலில் 390 கலோரி வரை வந்துவிடும். நீலத்துக்கு மாறி, சர்க்கரையை ஒரு டீஸ்பூனாக்கினால் 235-இல் நிற்கும். திருச்சிக்காரரிடம் காபியை விடச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

இரவுச் சப்பாத்தி பற்றியும் சொல்லியாக வேண்டும். சாதம் எடை போடும், சப்பாத்தி எடை குறைக்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் எப்படியோ வேரூன்றிவிட்டது. இரண்டு சப்பாத்திக்கு 60 கிராம் மாவு, சுடுவதற்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய் என்றால் 290 கலோரி. தொட்டுக்கொள்ளத் தேங்காய் அரைத்த குருமா தனி. 150 கிராம் சாதம் 195 கலோரிதான். கோதுமையில் நார்ச்சத்து கூடுதல், அது உண்மை. ஆனாலும் சாதத்துக்கு ஏங்கிக்கொண்டே சப்பாத்தி சாப்பிட்டு, பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறப்பதற்கு, அளவான சாதத்தோடு நிறையக் காய், கெட்டிப் பருப்பு, மோர் என்று முடிப்பது எவ்வளவோ மேல்.

இரவுச் சாப்பாட்டை விட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் தசை. வரவை ஒரேயடியாக வெட்டினால் கொழுப்போடு தசையும் கரையும். நீங்கள் சொன்ன சாப்பாட்டில் புரதம் ஏற்கெனவே குறைவு. தோராயமாக 40 கிராம் தேறினாலே அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை கிலோ எடைக்கு 0.83 கிராம், உங்களுக்கு அது 51 கிராம். எடையைக் குறைக்கும் காலத்தில் கொஞ்சம் கூட்டி 65 முதல் 70 கிராமுக்குக் கொண்டு போங்கள். மூன்று இட்லியை இரண்டாக்கி இரண்டு முட்டை சேர்த்தால் காலையிலேயே 16 கிராம். மதியம் சாம்பாரில் மிதக்கும் பருப்பை நம்பாமல் 30 கிராம் பருப்பைக் கெட்டியாகக் கடைந்து சாப்பிட்டால் 7, ஒரு கிண்ணம் தயிர் 5, மத்தியோ சங்கராவோ 100 கிராம் குழம்பில் இருந்தால் 18-க்குக் குறையாது. மாலையில் பிஸ்கட் இடத்தில் ஒரு கைப்பிடிச் சுண்டல். இரவு, பருப்பு தூக்கலாக அரைத்த அடை இரண்டு, அளந்த எண்ணெயில். சைவம் என்றால் மீனுக்குப் பதில் 75 கிராம் பனீர் அல்லது 30 கிராம் சோயா உருண்டை. புரதம் பசியையும் அடக்கும். சிறுநீரகத்தில் ஏதாவது கோளாறு இருந்தால் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

இனி உடற்பயிற்சி. நடையை ஒன்றரை மணி நேரமாக்கினால் முதல் வாரம் உற்சாகமாக இருக்கும். பிறகு முழங்கால் வலிக்கும், அதிகப் பசி எடுக்கும், மீதி நேரம் சோர்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். உங்கள் எடைக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தால் 45 கலோரி அளவுக்குத்தான் செலவாகிறது. மாலையில் சாப்பிடும் ஒரே ஒரு பருப்பு வடை இரண்டு கிலோமீட்டரை விழுங்கிவிடும். 45 நிமிட நடையை அப்படியே வையுங்கள். அது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனதுக்கும் வேண்டும். அதில் இரண்டு நாளை மட்டும் எடுத்து, எடை தூக்கும் பயிற்சிக்குக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனமும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, தசைக்கான பயிற்சி இரண்டு நாளாவது வேண்டும் என்றுதான் 2020-இல் சொன்னது.

ஜிம் கட்டாயமில்லை. கை வைக்காத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவது பத்து முறை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து முறை. இரண்டு கையிலும் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பது. முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கி அந்தக் கேனைத் தரையிலிருந்து எடுத்து வைப்பது. மூன்று சுற்று, அரை மணி நேரம். கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால்தான் அது பயிற்சி. சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையையோ எடையையோ கூட்டுங்கள். வயிற்றுக்கென்று தனிப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொழுப்பு எந்த இடத்திலிருந்து முதலில் போகும் என்பதை உடம்புதான் முடிவு செய்கிறது.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆறு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் அதை முதலில் சரி செய்யுங்கள். 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே பத்துப் பேர் ஒரே அளவு கட்டுப்பாட்டில் இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருந்தார்கள். தூக்கம் குறைந்த வாரங்களில் அவர்கள் இழந்த எடையில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போனது.

எடை எந்திரத்தோடு உங்களுக்கு இருக்கும் உறவையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். ஊறுகாயும் அப்பளமுமாக ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோ கூடித் தெரியும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் கூடும். புதிதாகத் தசைப் பயிற்சி தொடங்கினாலும் கூடும். எல்லாம் தண்ணீர். வாரம் 250 கிராம் இறங்குவதுதான் உங்கள் நிலையில் நியாயமான வேகம். ஒரு கிலோ ஆடும் எந்திரத்தில் 250 கிராம் எப்படித் தெரியும்? தினமும் காலையில் பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதுங்கள். இந்த வாரச் சராசரியைப் போன மாதத்தின் அதே வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால் தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போவது, முடி கொட்டுவது, அளவுக்கு மீறிய அசதி இருந்தால் ஆறு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள், சில சர்க்கரை மருந்துகள் எடையைப் பிடித்து வைக்கும். ஏதாவது சாப்பிட்டு வந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இப்போது எல்லோரும் கேட்கும் செமாக்ளூடைட் ஊசி உங்களுக்கானது அல்ல. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) 30-ஐத் தாண்டியவர்களுக்கும், 27-ஐத் தாண்டிக் கூடவே நோயும் உள்ளவர்களுக்கும் எடைக்காகத் தரப்படும் மருந்து அது. உங்களுடையது 24.8.

58 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று தெரியவில்லை. கல்யாணமான புதிதில் இருந்த எடையாக இருக்கலாம், பலரும் அதைத்தான் சொல்வார்கள். ஆசியர்களுக்கு அந்தக் குறியீடு 23-க்கு மேல் போனால் கூடுதல் எடை என்பதால் 58-க்கும் ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் உயரத்துக்கு 58 கிலோ என்றால் 23.2, அந்த எல்லைக்கு அருகில். ஆனால் நம் ஊர் உடம்புக்கு, சர்க்கரையும் இதயமும் சொல்லும் கதையை எடையைவிட இடுப்புச் சுற்றளவு தெளிவாகச் சொல்லும். பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. 60 கிலோவில் இடுப்பு 79-க்கு வந்து, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் இருபது முறை எழ முடிந்தால், அங்கேயே நின்றுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். தைக்குள் நாலும் போகவில்லை என்றாலும் கவலைப்படாதீர்கள். கடைசி பத்து நாளில் பட்டினி கிடந்து இறக்குவதெல்லாம் பந்தியில் உட்கார்ந்ததுமே திரும்பி வந்துவிடும்.

நாளை காலை, வெறும் வயிற்றில், ஒரு டேப் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு, இறுக்காமல் அளந்து காலண்டரில் எழுதுங்கள். புது எண்ணெய் பாக்கெட் பிரித்த தேதியையும் பக்கத்திலேயே குறியுங்கள். அடுத்த அளவு பதினைந்து நாள் கழித்து.