குறைந்த செலவில் எடுத்த ஜாம்பி காமெடிப் படங்களில் எது உண்மையிலேயே பார்க்கத் தகுந்தது? விமர்சகர்களை நம்பலாமா?

'ஒன் கட் ஆஃப் தி டெட்'. ஜப்பானியப் படம், இயக்கம் ஷினிச்சிரோ உவேடா. இந்த ஒரு படத்துக்கு விமர்சகர்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஆனால் முதல் 37 நிமிடம் பொறுமை வேண்டும்.

செலவு 30 லட்சம் யென், ஏறக்குறைய 25,000 டாலர். நடிப்புப் பயிற்சிப் பட்டறையிலிருந்து வந்த, யாருக்கும் முகம் தெரியாத நடிகர்கள். 2018 ஜூனில் டோக்கியோவில் இரண்டு சின்னத் தியேட்டர்களில் வந்த படம், பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே நாடு முழுக்கப் பரவி, 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் போடும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியது.

இனி ரகசியத்தில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதுவும் தெரிய வேண்டாம் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டுப் படத்தைப் போடுங்கள்.

அந்த 37 நிமிடமும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். பாழடைந்த நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஜாம்பி படம் எடுக்கும் குழுவை நிஜ ஜாம்பிகள் தாக்குகின்றன. நடிப்பு தடுமாறுகிறது. உயிர் போகிற நேரத்தில் பொழுதுபோக்கைப் பற்றி அரட்டை அடிக்கிறார்கள். ஒலிப்பதிவாளர் திடீரென்று வெளியே ஓடுகிறார். பலர் இங்கேதான் படத்தை அணைத்துவிடுகிறார்கள். அப்புறம் கதை ஒரு மாதம் பின்னால் போகிறது. அந்த அரட்டையும் ஓட்டமும் ஏன் என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும்போது சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

நான் மொரீஷியஸில், ரோஸ்ஹில் பக்கம், தமிழ் நாடகக் குழு ஒன்றில் மேடைக்குப் பின்னால் வேலை பார்ப்பவள். ஒருமுறை அரசனாக நடித்தவருக்கு உள்ளே வேட்டி அவிழ்ந்துவிட்டது. மேடையில் மந்திரியாக நின்ற அண்ணன் எழுதாத வசனத்தை இழுத்து இழுத்துப் பேசி, தமிழ் தீர்ந்ததும் இங்கத்திய பேச்சுமொழியான கிரியோலில் இறங்கிவிட்டார். சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். பின்னால் நாலு பேர் ஊக்குத் தேடி அலைந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த நாலு பேரைத்தான் இந்தப் படம் காட்டுகிறது. 'வேகம், மலிவு, தரம் சுமார்' என்று தன்னையே விற்றுக்கொண்ட ஓர் இயக்குநர், டிவியில் நேரலையாக ஓடும் அந்த ஒரே ஷாட் படம் நின்றுவிடக் கூடாது என்று உயிரைக் கொடுத்து ஓடுகிறார். விமர்சகர்கள் கொண்டாடியது அந்த ஓட்டத்தைத்தான் என்று நினைக்கிறேன். ஜாம்பி வெறும் சாக்கு.

இங்கே பிரெஞ்சில் படம் பார்ப்பவர்கள் அதிகம். அதனால் நண்பர்கள் முதலில் 'கூப்பே!'யைத்தான் கைகாட்டுகிறார்கள். மிஷேல் ஹசானவிசியுஸ் எடுத்த மறுஆக்கம், 2022 கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படம். அதற்கு அந்த அளவு பாராட்டு கிடைக்கவில்லை. கிடைக்காததும் நியாயம்தான். அதில் வரும் பிரபல பிரெஞ்சு நடிகர் ரோமேன் டூரிஸ் மோசமாக நடித்தால் வேண்டுமென்றே செய்கிறார் என்று உடனே தெரிந்துவிடுகிறது. முகம் தெரியாத ஜப்பானிய நடிகர்கள் சொதப்பும்போது அதை நிஜம் என்றே நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை இல்லாமல் இரண்டாம் பாதிச் சிரிப்பு பாதிதான் வரும்.

ஆகவே ஜப்பானியப் படத்தை முதலில் பாருங்கள், சப்டைட்டிலோடு. டிரெய்லர்கூட வேண்டாம்.