பரணில் கிடக்கும் இருப்பு

கேள்வி: ஒரு கண்காட்சிக்குப் போனேன். கிழிந்த மீன் வலை, பழைய ரேஷன் கார்டு, நசுங்கிய தூக்குவாளி மூடி எல்லாவற்றையும் பலகையில் ஒட்டி, கொஞ்சம் பெயின்ட் இழுத்து, ‘இருப்பு’ என்று பெயர் வைத்து, 40,000 ரூபாய் விலை போட்டிருக்கிறார் ஒரு மிக்ஸட் மீடியா ஓவியர். மனித இருப்பையும் அன்றாட வாழ்க்கையையும் தேடுகிறாராம். இதெல்லாம் எங்கள் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. அப்படியானால் நாங்களும் கலைஞர்கள்தானா?
— ஒரு வாசகர், காசிமேடு

பதில்: பரணில் கிடக்கிறது, சரி. அதை இறக்கிப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது?

ஒட்டுவதே ஏமாற்று வேலை என்றால் பிக்காஸோவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1912இல் அவர் நாற்காலியின் பிரம்புப் பின்னலை வரையவில்லை. பின்னல் அச்சடித்த ஆயில் கிளாத்தை ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்தார். அவ்வளவு தூரம் எதற்கு? நம் பெரியமேட்டு ஓவியக் கல்லூரியில் படித்த பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித்தான் சிற்பம் செய்தார். தகடு பாத்திரக் கடையிலும் இருந்தது.

நீங்கள் சொல்லும் கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். தலைப்பு நல்ல தலைப்பு. ‘இருப்பு’ என்ற சொல்லை நாம் தத்துவப் புத்தகத்தில் படித்ததைவிட ரேஷன் கடைப் பலகையில் படித்ததுதான் அதிகம்: அரிசி இருப்பு, பாமாயில் இருப்பு. ஓவியருக்கு இந்த அர்த்தம் ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். இருந்திருந்தால் கார்டின் மேலட்டையை மட்டும் காட்டி ஒட்டியிருக்க மாட்டார். 2005இல் கொடுத்த கார்டு 2009 வரைதான் செல்லும் என்றார்கள். புதுசு வரவில்லை. உள்தாள் ஒட்டி ஒட்டி, 2017இல் ஸ்மார்ட் கார்டு வரும்வரை ஓட்டினோம். அரசாங்கமே செய்த மிக்ஸட் மீடியா அது! சர்க்கரைக் கட்டத்திலும் மண்ணெண்ணெய்க் கட்டத்திலும் கடைக்காரர் கிறுக்கியது, ஏதோ ஒரு மாதம் வாங்காமல் விட்ட காலிக் கட்டம் எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. அதை மூடிவிட்டு மேலே வார்னிஷ் வேறு. இந்த இடத்தில் உங்கள் எரிச்சலோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஆனால் அந்த வலை? பச்சை இழுவலையின் நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு நீல நூலில் ஒட்டுப்போட்ட இடம் ஒன்று இருந்ததே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். அப்படி ஒரு சமயத்தில் யாரோ உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த நூலை வைத்துக் கண்ணி கண்ணியாக முடிந்திருக்க வேண்டும். ஓவியர் அதன்மேல் ஒரு சொட்டு பெயின்ட் படாமல் விட்டிருக்கிறார். பலகை முழுவதும் பெயின்டை இழுத்த கை அங்கே மட்டும் நின்றிருக்கிறது. நான் அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றேன். காசிமேட்டுக்காரரான நீங்கள் அதைத் தாண்டிப் போய் விலைச்சீட்டைப் படித்திருக்கிறீர்கள்.

அதையும் முழுசாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. ‘வலை, அட்டை, அலுமினியம், அக்ரிலிக்’ என்று பொருளெல்லாம் போட்டிருந்தது. ஒட்டுப்போட்டவர் பெயரைக் காணோம். 40,000 அதிகமா என்று என்னிடம் கேட்பதற்குப் பதில் இதை ஓவியரிடம் கேட்டிருக்கலாம். நானும் கேட்காமல்தான் வந்தேன். அது என் தப்பு.

நீங்கள் கலைஞரா என்பதற்கு வருகிறேன். முதலில் அந்தக் கார்டைப் பரணிலிருந்து இறக்குங்கள். எத்தனை உள்தாள் ஒட்டியிருக்கிறது, எந்தெந்த மாதம் கட்டம் காலி என்று பார்த்து எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.