வேடம் கட்டி வரலாறு நடத்தலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் மாறுவேடப் போட்டியில் நான்கைந்து கட்டபொம்மன்கள் வந்து வசனம் முழங்கிவிட்டுப் போகிறார்கள். மறுநாள் கேட்டால், ஜாக்சன் யார் என்றுகூட அவர்களுக்குத் தெரிவதில்லை. நானே கட்டபொம்மன் வேடத்தில் வகுப்புக்குச் சென்று பாடம் நடத்தினால் பயன் இருக்குமா?
— ஓர் ஆசிரியர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: நிச்சயமாக இருக்கும், ஆனால் அந்த வசனத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுச் செல்லுங்கள். பிள்ளைகள் முழங்குவது 1959இல் வெளிவந்த திரைப்படத்தின் வசனம். நடிப்பாகவும் தமிழாகவும் அது எத்தனை முறை கேட்டாலும் சலிக்காதது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் அதை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, கட்டபொம்மன் கும்பினிக்கு, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, காலணாவும் கட்டாதவர் என்றே எண்ணிக்கொள்ளும். ஆவணங்களில் தெரியும் கட்டபொம்மன் இன்னும் சிக்கலான மனிதர். 1798இல் அவர் செலுத்த வேண்டிய வரி நிலுவை 3310 பகோடா (அக்காலப் பொன் நாணயம்); பின்னர் அதில் பெரும்பகுதியைச் செலுத்தி, 1080 பகோடா மட்டுமே பாக்கி என்ற நிலைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். தம்மை வந்து பார்க்கும்படி ஆணையிட்ட கலெக்டர் ஜாக்சன், குற்றாலத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பேட்டி தர மறுத்து அவரை அலைக்கழித்தார். ஒருவழியாக 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தபோது மூன்று மணி நேரம் நிற்கவைத்தார் என்று சொல்லப்படுகிறது. கோட்டை வாசலில் மூண்ட மோதலில் லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தார். கட்டபொம்மனின் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைத் திரையில் கண்டு வளர்ந்த நம்மில் பலர் கவனிப்பதில்லை. உங்கள் வகுப்புக்கு மிகவும் உகந்த பகுதியோ அதுதான். நடந்ததைக் கட்டபொம்மன் சென்னை நிர்வாகத்திடம் முறையிட்டார். வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் ஆகிய மூவர் அடங்கிய குழு 1798 டிசம்பரில் அவரை விசாரித்து, அவர்மீது குற்றமில்லை என்று கண்டது. பதவி இழந்தவர் ஜாக்சன்; அவருடைய இடத்துக்கு லூஷிங்டன் வந்தார். வகுப்பில் மூன்று மாணவர்களை அந்தக் குழுவாக அமர்த்தி, மற்றவர்களையும் கேள்வி கேட்க அனுமதித்து, நீங்கள் கட்டபொம்மனாக நின்று பதில் சொல்லுங்கள். முதல் நாளே பாடத்தைப் படித்து, ஆளுக்கு இரண்டு கேள்விகள் எழுதி வரச் சொல்லிவிடுங்கள். “ஜாக்சனிடம் எந்த மொழியில் பேசினீர்கள்?” என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்த ஒரு கேள்வியிலிருந்தே துபாஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியும், வீட்டில் தெலுங்கு வழங்கிய, கட்டபொம்மன் பிறந்த ராஜகம்பளத்தார் மரபைப் பற்றியும் பேச வழி பிறக்கும். குழு தன் தீர்ப்பைச் சொன்ன பிறகு, உண்மையில் வந்த தீர்ப்பைச் சொல்லுங்கள்.

கடைசிப் பத்து நிமிடங்களுக்குத் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஆசிரியராக நில்லுங்கள். சற்றுமுன் சொன்னவற்றில் எது கும்பினிக் கடிதங்களில் உள்ளது, எது கதைப்பாடல்களிலிருந்து வந்தது, எது உங்கள் ஊகம் என்று பிரித்துக் காட்டுவதற்கு அந்த நேரம் வேண்டும். குற்றமற்றவர் என்று டிசம்பரில் விடுவித்த அதே கும்பினி, 1799 அக்டோபரில் கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டது ஏன் என்பதை அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பள்ளி விழாவில் என் மகன் இராஜராஜ சோழனாக வருகிறான். வாடகைக் கடையில் பளபளக்கும் சாட்டின் அங்கியும் முதுகில் தொங்கும் சிவப்புத் துணியும் தருகிறார்கள். உண்மையில் மன்னர் எப்படி உடுத்தினார்? அவன் பேசுவதற்கும் நல்ல வசனம் கிடைக்கவில்லை.
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் இருக்கும் ஊரிலேயே விடை சுவரில் இருக்கிறது. பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உட்பாதையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றில் இராஜராஜன் என்றும் அவருடைய குருவாகக் கருதப்படும் கருவூர்த் தேவர் என்றும் பலர் அடையாளம் காணும் உருவங்கள் உள்ளன. அந்த ஓவியங்களிலும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலும் காணும் ஆண்களின் மேலுடம்பு பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. அணிகலன் உண்டு, இடையில் ஆடை உண்டு, தலைமுடி கொண்டையாக முடியப்பட்டிருக்கிறது. முதுகில் தொங்கும் சிவப்புத் துணி மேடை நாடகத்தின் உடைப்பெட்டியிலிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. வெறும் உடம்போடு நிற்கப் பையன் கூச்சப்பட்டால் தோல் நிறத்தில் ஒரு பனியன் போதும். கடை வாடகையும் மிச்சம்.

வசனத்தை நீங்கள் எழுதவே வேண்டாம். தம் 26ஆம் ஆட்சியாண்டில், அரண்மனையின் திருமஞ்சனசாலையில் இருந்தபடி மன்னர் சொன்னதாகக் கோயிலில் வெட்டப்பட்டிருக்கும் கல்வெட்டு தன்மையிலேயே பேசுகிறது. “நாம் எடுப்பிச்ச” கற்றளிக்கு (கற்கோயிலுக்கு) “நாம் குடுத்தனவும்”, அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லில் வெட்டுக என்பது அந்த ஆணை. அக்கன் என்றால் குந்தவை. தம் கொடைக்கு அடுத்தபடியாக அக்காளின் கொடையையும், கடைசியில் பெயர் தெரியாத மற்றவர்களின் கொடையையும் ஒரே மூச்சில் சொல்லும் மன்னரை, “நானே மாமன்னன்” என்று உறுமும் மன்னரைவிடப் பிள்ளைகள் எளிதில் மறக்க மாட்டார்கள். மகனை ஒருமுறை கோயிலுக்கு அழைத்துச் சென்று, கல்லில் எழுத்து இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு ஒத்திகை தொடங்குங்கள்.

எல்லா வேடத்துக்கும் இப்படிச் சான்று கிடைக்காது. திருவள்ளுவரின் தாடியும் கொண்டையும் வேணுகோபால் சர்மா வரைந்த உருவம்; 1964இல் அந்தப் படம் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்டது. வள்ளுவராக வரும் பிள்ளை “என் முகத்தை யாரும் பார்த்ததில்லை” என்று சொல்லித் தொடங்கினால் நான் முதல் பரிசு கொடுப்பேன்.

கேள்வி: தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிலுக்குள் நுழைந்த 1939ஆம் ஆண்டு மதுரை ஆலயப் பிரவேசத்தை எட்டாம் வகுப்பு மாணவர்களை வைத்து நடித்துக் காட்ட விரும்புகிறேன். தடுக்கப்பட்டவர்களாக யாரை நடிக்கவைப்பது என்று தயங்குகிறேன்.
— ஓர் ஆசிரியை, மதுரை

பதில்: உங்கள் தயக்கம் சரியானது. அமெரிக்காவின் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியக நகரில் 18ஆம் நூற்றாண்டு உடையணிந்தவர்கள் அக்கால மனிதர்களாகவே பார்வையாளர்களுடன் உரையாடுவார்கள். அங்கே 1994 அக்டோபரில் அடிமைகளை ஏலம் விடும் காட்சியை நடித்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதை நடத்தியவர்களோ ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றையே பணியாகக் கொண்ட ஊழியர்கள். வலி மிகுந்த வரலாற்றை மறைக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் பயிற்சி பெற்ற வயதுவந்தோர். தாமே விரும்பி ஏற்றவர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையை அவமதிக்கப்படுபவராக நிறுத்தினால், மேடையில் விழுந்த சொல் விளையாட்டு மைதானம் வரை அவனைத் துரத்தும். அந்தப் பாத்திரம் அவனுடைய சாதிக்கும் ஒத்துப்போனால் அது நாடகமாகவே இராது.

ஆகவே தடுக்கும் காட்சியை நடிக்காதீர்கள். கதைசொல்லி ஒருவர் சொல்லிச் செல்லட்டும். ஜூலை 8ஆம் நாள் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயருடன் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த பிறகு, அவர்களிடம் செய்தியாளர்கள் கேள்வி கேட்பதாக அமையுங்கள். மாணவர்கள் அனைவரும் செய்தியாளர்கள். பதில் சொல்பவர்கள் நீங்களும் உடன் பணியாற்றும் ஆசிரியர்களும். மேலூர் அருகே தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் பின்னாளில் அமைச்சரானார் என்பதை மாணவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

கேள்வி: என் மகள் வ.உ.சி. வேடம் போட ஆசைப்படுகிறாள். பெண் பிள்ளைக்கு மீசை வரைவதா என்று உறவினர்கள் தடுக்கிறார்கள்.
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வரையுங்கள். கே.பி. சுந்தராம்பாள் மேடையில் ஆண் வேடங்கள் ஏற்றவர். 1935இல் திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்தார். உங்கள் மகள் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஆண்டைத்தான். 1906 என்றால் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வழக்கறிஞரின் கோட்டும் தலைப்பாகையும் வேண்டும். 1908 ஜூலையில் இராஜத்துரோக வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு என்றால் சிறை உடை. அதற்கு உங்கள் ஊர்ச் சிறையே களம். அங்கே அவர் இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.