பார்க்கின்சன் கேள்வி-பதில்: ‘நீங்க சும்மா உட்காருங்க’

கே: வயது 59. கை நடுக்கத்தால் கோலம் போடுவதையே விட்டுவிட்டேன். மறுபடி தொடங்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

ப: தாராளமாக. பார்க்கின்சன் என்பது அசைவுகளைப் பாதிக்கும் மூளை நோய். இதில் கையசைவு தானாகவே சுருங்கும். எழுத்து பொடிசாவதும் அதனால்தான். கண்ணெதிரே ஒரு குறி இருந்தால் கை நன்றாக நீளும். புள்ளிக் கோலத்தில் அந்தக் குறி தயாராகவே இருக்கிறது. புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். குனிந்து எழுந்தால் தலை சுற்றலாம், மேசைமேல் பலகை வைத்துப் போடுங்கள். மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: அப்பாவுக்கு மாத்திரை வேலையே செய்வதில்லை. என்ன செய்ய?

ப: என்ன மாத்திரை, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, ஒன்றையும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. இந்த நோய்க்கான முக்கிய மருந்தான லெவோடோபா என்றால் பால், பருப்பு, முட்டையோடு கொடுக்காதீர்கள். புரதம் அது உடம்பில் ஏறுவதைக் குறைக்கும். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், தண்ணீரோடு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

கே: பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடலாமா?

ப: அதில் இருப்பதும் லெவோடோபாதான், எவ்வளவு என்பதுதான் தெரியாது. டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம்.

கே: மாமனார் ஓய்வுபெற்ற ஆசிரியர், 66 வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன் என்கிறார். உடம்புக்கு ஆகாதென்று தடுத்துவிட்டோம். சரிதானே? (மருமகள், சேலம்)

ப: சரியே இல்லை. என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறார்கள். நோயாளியிடம் கேட்டால் மகன் பதில் சொல்கிறார். சட்டைப் பட்டன் போடப் பத்து நிமிஷம் ஆகிறதென்று வேறொருவர் போட்டுவிடுகிறார். முகத்தசை இறுகி முகம் வெறிச்சென்று இருப்பதைப் பார்த்து, ‘அவருக்கு எதிலும் நாட்டமில்லை’ என்று தீர்ப்பு வேறு. நினைக்காமலே நடக்கும் அசைவுகள்தான் இதில் முதலில் மங்குகின்றன. கவனம் வைத்துச் செய்வது பெரும்பாலும் கைகொடுக்கும். புதிதாகக் கற்கவும் முடியும், வேகம் குறையும், அவ்வளவுதான். கரும்பலகையில் பெரிதாக எழுதுவது, கடைசிப் பையனுக்கும் கேட்கும்படி உரக்கப் பேசுவது, இரண்டும் நாங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் பயிற்சிகளே! ஒன்று மட்டும்: எழுதிக்கொண்டே பேச வேண்டாம், எழுதி முடித்துவிட்டுப் பேசட்டும். மனச்சோர்வும் இந்த நோயோடு வருவதுதான். அவரே ஆசைப்பட்டுக் கேட்கிறார், நீங்கள் தடுக்கிறீர்கள்! நாளைக்கே இரண்டு பிள்ளைகளை வரச்சொல்லுங்கள். பட்டனையும் அவரே போடட்டும்.

கே: தலைசுற்றலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கலாமா?

ப: கூடாது. சின்னாரிசின் போன்றவை நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கூட்டும். பார்க்கின்சனுக்கு இருக்கிற மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே: வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்கிறது.

ப: இழுக்காதீர்கள், யாரும் தள்ளவும் வேண்டாம். நின்று, உடம்பை இடமும் வலமும் லேசாக அசைத்து, ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணிக் காலை எடுங்கள். படிக்கு முன்னால் தரையில் குறுக்கே கலர் டேப் ஒட்டி அதைத் தாண்டிப் பழகுங்கள். கையில் காபி டம்ளரோடு வேண்டாம்.