கொத்தாம நட்டா விளையுமா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் இலங்கை மலைநாட்டுல இருந்து வந்த கேள்வியில நெறைய, மண்ண கொத்துறது உழுறது பத்தினதுதான். டீசலும் கூலியும் ஏறுனதுக்குப் பிறகு எல்லாருக்கும் இதே யோசனை போல. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு வச்சிட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன்.

கேள்வி: ஐயா, வெலிமட பக்கம் சரிவுல எங்களுக்கு ஒரு ஏக்கர் இருக்கு. உருளைக்கிழங்கு, போஞ்சி, கோவா மாத்தி மாத்தி போடுறோம். ஒவ்வொரு போகத்துக்கும் லேண்ட்மாஸ்டர் (கை டிராக்டர்) ரெண்டு தடவ ஓட்டி, ஆள் வச்சி பாத்தி கட்டி முடிக்கிறப்பவே கையில இருக்க காசு தீந்துருது. மகன் வீடியோ பாத்துட்டு, வெளிநாட்டுல உழாமலே பயிர் வைக்கிறாங்க, நாமளும் விட்டுருவோம்ங்கிறான். சரிவருமா? விளைச்சல் குறையாதா?

மகன் சொல்றது உண்மைதாங்க. பிரேசில் பரானா மாநிலத்துல ஹெர்பர்ட் பார்ட்ஸ்னு ஒரு விவசாயி 1972-லயே உழவ நிப்பாட்டிட்டு நட ஆரம்பிச்சாரு, அவருக்கும் மழை மண்ண அள்ளிட்டு போறதுதான் பிரச்சினை, இன்னைக்கு பிரேசில்லயும் அர்ஜென்டினாவுலயும் கோடிக்கணக்கான ஏக்கர் அப்பிடித்தான் நடக்குது. ஆனா அங்க சோயாவும் சோளமும், பெரிய மெஷினும், புல்லுக்கு அடிக்கிற மருந்தும். நம்ம மலையில மரக்கறி, கை வேலை, தோட்டத்துக்கு கீழ யாராவது குடிக்கிற பீலி தண்ணி. அதனால அவங்க செய்றத அப்பிடியே எடுக்க முடியாது, மருந்த நம்பி உழவ விடுறத நான் யாருக்கும் சொல்லவே மாட்டேன்.

எடுக்க முடிஞ்சது என்னன்னா, தேவையில்லாத கொத்த விடுறது. பயிருக்கு பயிர் வித்தியாசம் இருக்குங்க. போஞ்சிக்கு முழு தோட்டத்தையும் பொடியாக்க வேண்டிய அவசியமே இல்ல, விதை விழுற குழி மட்டும் போதும். கோவா நாத்துக்கும் அப்பிடித்தான், குழி போட்டு மக்கின எருவ குழிக்குள்ள வச்சி நட்டுரலாம். கரட் வேற கதை, மண்ணு இளகலன்னா கரட் கோணிரும், பிளந்துரும், அதனால கரட் போடுற பாத்திய மட்டும் கொத்துங்க, நடுவுல இருக்க வரப்பையும் வழியையும் தொடாதீங்க. லீக்ஸுக்கு மண்ணணைக்கணும். உருளைக்கிழங்குல உழவே இல்லங்கிறது நடக்காத காரியம், ஏன்னா நடுறப்ப விட்டாலும் கிழங்கு தோண்டுறப்ப மண்ணு புரண்டுதான் ஆகணும். ஆனா யோசிச்சு பாருங்க, கிழங்கு தோண்டுன கையோட அந்த மண்ணு பூ மாதிரி இளகி கிடக்கு, அதுக்கு மேல போயி திரும்ப லேண்ட்மாஸ்டர் ஓட்டுறது எதுக்கு? அந்த மண்ணுல நேரா போஞ்சியோ கோவாவோ வச்சா ரெண்டு உழவு மிச்சம். உங்க சுழற்சியிலயே இது ஒத்து வருது, மெஷினும் வாங்க தேவையில்ல.

விளைச்சல் பத்தி நேரா சொல்லிர்றேன். 2015-ல உலகம் முழுக்க நடந்த 610 ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்தாங்க, உழாம விட்ட இடத்துல சராசரியா 5.7 சதவீதம் விளைச்சல் குறைவு. ஆனா பயிர் மிச்சத்த மண்ணு மேலயே விட்டு பயிரையும் மாத்தி மாத்தி போட்ட இடத்துல அந்த குறைவு பாதிக்கு மேல சுருங்கிருச்சு, மழைய நம்புற வறண்ட இடத்துல இது மூணும் சேந்தப்ப விளைச்சல் கூடவும் செஞ்சிருக்கு. அதாவது உழாம மண்ண வெறுமனே விட்டா நட்டந்தான், மூடாக்கோட, அதாவது இலை தழைய போட்டு மண்ண மூடி விட்டாதான் பேச்சு. வெலிமட பக்கம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் காத்தும் வறட்சியும் இருக்குல்ல, அப்ப மூடாக்கு ஈரத்த புடிச்சி வைக்கும், அது உங்களுக்கு நல்லது. நுவரெலியா, கந்தப்பளை பக்கம் குளிரும் ஈரமும் கூட, அங்க மூடாக்குக்கு அடியில ஓடில்லா நத்தை பெருகி கோவா நாத்த ராவோட ராவா தின்னுரும், அதனால அங்க நாத்து வேர் புடிக்கிற வரைக்கும் தண்டச் சுத்தி ஒரு சாண் இடம் விட்டுத்தான் மூடாக்கு போடணும்.

மூடாக்குக்கு வைக்கோல் தேடி அலைய வேணாம். ரோட்டோரம் மஞ்சளா பூத்து கிடக்கே காட்டு சூரியகாந்தி, அத பூக்குறதுக்கு முன்ன வெட்டுங்க, இலையும் இளந்தண்டும் மட்டும் போடுங்க, முத்துன தண்டு ஈரத்துல திரும்ப முளைச்சிரும். குவாத்தமாலா புல், மானாப்புல் எதுவும் ஆகும். ஆனா இலைகருகல் வந்த கிழங்குச் செடியையோ, வேர் வீங்குன கோவாவையோ தயவுசெஞ்சு திரும்ப தோட்டத்துல போட்டுராதீங்க, நோயையே விதைக்கிற மாதிரி ஆகிரும்.

இன்னொண்ணு, நம்ம மலை மண்ணு புளிப்பு மண்ணு, அந்த புளிப்ப குறைக்க டொலமைட் கல்லுப் பொடி போடுறோம். மேலால தூவுன டொலமைட் உள்ள இறங்குறதுக்கு வருசக் கணக்கா எடுக்கும். அதனால கொத்துறத குறைக்கிறதுக்கு முன்ன விவசாய போதனாசிரியர்கிட்ட சொல்லி மண் பரிசோதனை செஞ்சு, தேவையான டொலமைட்ட கடைசி தடவையா நல்லா கலந்து விட்டுருங்க. மலைநாட்டு மரக்கறி தோட்டத்துல நெறைய இடத்துல பொஸ்பரசு ஏற்கனவே தேவைக்கு மேல சேந்து கிடக்கு, பரிசோதனையில அது தெரிஞ்சா அந்த பசளைக் காசும் மிச்சம்.

இப்ப செலவு. லேண்ட்மாஸ்டர் வாடகை, டீசல், பாத்தி கட்டுற கூலி குறையும். ஆனா புல்லு கூடும், முதல் ரெண்டு மூணு போகம் நல்லாவே கூடும், மூடாக்கு வெட்டி சுமக்க ஆள் வேணும். முதல் போகத்துல மிச்சம் ஒண்ணும் தெரியாம போகலாம், ஏன், செலவு கொஞ்சம் கூடவும் செய்யலாம். அதோட ஒரு விசயம், டிராக்டர் காசு மிச்சம்னு ஆம்பளைங்க சந்தோசப்படுறப்ப புல்லு புடுங்குற வேலை வீட்டு பொம்பளைங்க தலையில கூலி இல்லாம விழுந்துருது. அவங்க நாளையும் கூலி போட்டு கணக்குல எழுதுங்க, அப்பதான் அது கணக்கு. முழு ஏக்கர்லயும் இறங்காம முதல்ல கால் ஏக்கர்ல செஞ்சு, பக்கத்துல பழைய மாதிரி ஒரு துண்டும் வச்சி, ரெண்டுக்கும் செலவையும் கிலோவையும் தனித்தனியா எழுதி வைங்கன்னு மகன்கிட்ட சொல்லுங்க.

கேள்வி: சரிவுல உழுறதுனால அவ்வளவு மண்ணா போகுது? எங்க தாத்தா காலத்துல இருந்து கொத்திட்டுதான் இருக்கோம். (பண்டாரவளை)

ஒரு சின்ன கணக்கு பாருங்க. ஒரு ஏக்கர்ல ஒரு மில்லிமீட்டர் மண்ணு போறது கண்ணுக்கே தெரியாது, ஆனா அது 4 கன மீட்டர், நிறைக்கு ஏறக்குறைய 5 தொன். பொடியா உழுது போட்ட சரிவுல ஒரு பெரிய மழை போதும் அதுக்கு. போறது வெறும் மண்ணும் இல்ல, நேத்து காசு குடுத்து போட்ட கோழி எருவும் பசளையும் சேந்துதான் போகுது. மழையே பெய்யாட்டியும் மண்ணு இறங்கும், எப்பிடின்னா மம்பட்டி போடுற ஆள் மேல பாத்து நின்னு கீழ இழுக்குறாரு, ஒவ்வொரு கொத்துக்கும் மண்ணு கொஞ்சம் கொஞ்சமா கீழ நகருது, மேல் வரிசையில செம்மண்ணு வெளிய தெரியிறது அதனாலதான். மலைநாட்டுல இருந்து போற மண்ணுல நெறைய மகாவலிக்குத்தான் போய் சேருது. 1976-ல திறந்த பொல்கொல்ல அணைக்கட்டுல 12 வருசத்துக்குள்ளயே கொள்ளளவுல 40 சதவீதத்துக்கு மேல மண்ணு அடைச்சிருச்சு. மண்பாதுகாப்புச் சட்டம் 1951-லயே வந்தாச்சு, சட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவுலதான் தூரம்.

கேள்வி: கொத்தாம விட்டா மண்சரிவும் நின்னுருமா? (கொஸ்லந்தை)

இல்லம்மா, ரெண்டையும் கலந்துராதீங்க. மண்ணரிப்பு மேல் மண்ணு போறது, மண்சரிவு மலையே ஆழத்துல இருந்து இறங்குறது. மீரியபெத்தையில 2014-ல மண்சரிவு லயத்த மூடுனத பாத்தோமே, அந்த மாதிரி சரிவ மூடாக்கு தடுக்காது. சுவர்லயோ நெலத்துலயோ புது வெடிப்பு, மரம் சாயிறது, இல்லாத இடத்துல புதுசா ஊத்து, திடீர்னு கலங்குன தண்ணி, இதுல எது கண்டாலும் விவசாய யோசனை கேக்குற நேரம் இல்ல அது, உடனே எடத்த விட்டு வெளிய வந்து கிராம சேவகருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் சொல்லுங்க.

கேள்வி: உழாம விட்டா மண்ணு கார்பன புடிச்சி வைக்குமாம், அதுக்கு வெளிநாட்டுல காசு தர்றாங்களாம். எங்களுக்கும் கிடைக்குமா? உண்மையிலயே காலநிலைக்கு நல்லதா? (நானுஓயா)

தங்கச்சி, காசை எதிர்பாத்து இதுல இறங்க வேணாம். காரணத்த சொல்றேன். ஒரு ஏக்கர்ல மேல் 10 சென்டிமீட்டர் மண்ணு ஏறக்குறைய 480 தொன், அதுல கார்பன் 0.1 சதவீதம் கூடினா அரைத் தொன் கிட்ட, கார்பன் டை ஒக்சைட்டா பாத்தா 1.7 தொன் போல. அந்த 0.1 கூடவே பல போகம் எடுக்கும். அதோட, உழாத மண்ணுல கார்பன் மேல் தட்டுல கூடுது, ஆழமா தோண்டி பாத்தா கீழ் தட்டுல சில இடத்துல குறைஞ்சிருக்கு, மொத்தத்துல கூடினது முன்ன நினைச்சத விட கம்மின்னு இப்ப நெறைய விஞ்ஞானிங்க சொல்றாங்க. சேத்தத திரும்ப உழ ஆரம்பிச்சா அதுல ஒரு பகுதி திரும்ப காத்துக்கு போயிரும். அளக்குறதுக்கும் சான்று வாங்குறதுக்கும் ஆகுற செலவ கால் ஏக்கர், அரை ஏக்கர்காரங்க தாங்கவே முடியாது. யாராவது இதுக்குன்னு முன்பணம் கேட்டா குடுக்காதீங்க.

அப்ப காலநிலைக்கு நன்மையே இல்லையான்னா, இருக்கு, வேற இடத்துல இருக்கு. டீசல் ஒரு லீட்டர் எரிஞ்சா 2.7 கிலோ கார்பன் டை ஒக்சைட், சரி, அது மிச்சம். ஆனா பெருசு யூரியாதான். 50 கிலோ யூரியா மூட்டையில 23 கிலோ நைதரசன் இருக்கு, அதுல 100-க்கு 1 பங்கு நைட்ரஸ் ஒக்சைட்டா (ஒக்சிசனும் சேர்றதுனால வாயு நிறை 0.36 கிலோ) காத்துல போகும்னு எடுக்குறதுதான் உலக அளவுல வழக்கமான கணக்கு, மழை கூடின எடத்துல இன்னும் கூடும். அந்த வாயு கார்பன் டை ஒக்சைட்ட விட ஏறக்குறைய 270 மடங்கு சூடாக்கும். கணக்கு போட்டா ஒரு மூட்டை யூரியாவுக்கு தோட்டத்துல இருந்து மட்டுமே 100 கிலோ கார்பன் டை ஒக்சைட்டுக்கு சமம், அதாவது 37 லீட்டர் டீசல் எரிச்ச மாதிரி! மண்ண நிப்பாட்டி, மூடாக்கு மக்கி, போகத்துக்கு ஒரு மூட்டை குறைச்சு போட முடிஞ்சா அதுதான் பூமிக்கும் உங்க பைக்கும் சேத்து நன்மை. ஆனா தண்ணி தேங்குற இறுகின மண்ணுல உழாம விட்டா ஆரம்ப வருசத்துல இந்த வாயு கூடவும் வரலாம், அதனால தண்ணி வடியிற கான சுத்தமா வச்சி, யூரியாவ ஒரே தடவையா கொட்டாம பிரிச்சு பிரிச்சு போடுங்க.

கேள்வி: எங்களுக்கு தேயிலைதான், அர ஏக்கர். நாங்க உழுறதே இல்லையே, இதுல எங்களுக்கு என்ன இருக்கு? (ஹட்டன்)

சுரண்டி இருக்கே! புல்லு வெட்டுறேன்னு சுரண்டியால மண்ண வழிச்சு எடுக்குறது உழவ விட மோசம், தேயிலை வேரு வெளிய தெரியிற மலையெல்லாம் அப்பிடி ஆனதுதான். கத்தியால புல்ல மட்டம் பாத்து வெட்டி அங்கயே போடுங்க, தேயிலைக்கு கெடுதல் பண்ற புல்ல மட்டும் கையால வேரோட புடுங்குங்க. கவ்வாத்து வெட்டுன குப்பைய விறகுக்குன்னு முழுசா தூக்கிட்டு போயிராதீங்க, இலையையும் சிறு குச்சியையும் வரிசைக்கு நடுவுல விட்டுருங்க. முள்ளு குத்துறது வேற, நீட்டுப் பல்லு இருக்க இரும்பு முள்ளால மண்ண புரட்டாம குத்தி லேசா அசைச்சு விட்டா தண்ணி உள்ள இறங்கும், அத கவ்வாத்து காலத்துல செய்றதுல தப்பில்ல.

கேள்வி: நான் தோட்டத்துல வேலை செஞ்சுகிட்டே ராகலையில குத்தகைக்கு எடுத்து லீக்ஸும் கரட்டும் போடுறேன். குத்தகை ஒரு போகத்துக்குத்தான். நீங்க சொல்றதெல்லாம் எனக்கு பொருந்துமா அண்ணே?

தம்பி, இந்த கேள்விய படிச்சு மனசு கஷ்டமாயிருச்சு, ஏன்னா மலையகத்துல நெறைய பேரு நிலை இதுதான். மண்ணு நல்லாகுறதுக்கு மூணு நாலு வருசம், உங்க கையில இருக்கது ஆறு மாசம். நீங்க பாடுபட்டு மண்ண தேத்தி குடுத்தா அடுத்த போகம் குத்தகை கூட்டி கேப்பாங்களோங்கிற பயமும் நியாயம்தான். அதனால உங்களுக்கு அந்த போகத்துலயே காசு திரும்புற வேலைய மட்டும் சொல்றேன். பாத்திய சரிவுக்கு குறுக்க போடுங்க, மேல இருந்து கீழ போடாதீங்க. ரெண்டாவது தடவ லேண்ட்மாஸ்டர் ஓட்டுறத விட்டுட்டு பாத்திய மட்டும் கையால கொத்துங்க. எருவ தோட்டம் பூரா தூவாம பாத்திக்குள்ள மட்டும் போடுங்க, எருவுல நல்லா மிச்சம் புடிக்கலாம். கல்லு கட்டுறது, மரம் வைக்கிறது இதுல உங்க காச போடாதீங்க.

நெலக்காரர்கிட்ட மூணு வருசத்துக்கு எழுத்துல ஒப்பந்தம் கேட்டு பாருங்க, கான் வெட்டுறதும் டொலமைட்டும் நான் பாத்துக்கிறேன், அதுக்கு பதிலா மூணு வருசத்துக்கும் குத்தகை கூட்டாதீங்கன்னு. மண்ணு அடிச்சிட்டு போனா நட்டம் அவருக்குத்தானே, கூட கமநல சேவை நிலையத்துல யாரையாவது வச்சிக்கிட்டு கதைச்சா கேப்பாரு. ஒத்துக்கிட்டா அடுத்த போகத்துல கரட்டுக்கு பிறகு போஞ்சி போடுங்க, கொத்தாம, அதே பாத்தியில குழி மட்டும் போட்டு.