அவரையும் தெரியும், நீந்தவும் தெரியும்: ஸ்பானிஷில் எந்த வினை?

கேள்வி: ஆறு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். 'சபேர்', 'கொனோசேர்' இரண்டுக்கும் அகராதியில் 'தெரியும்' என்றே இருக்கிறது. பேசும்போது எதைச் சொல்வது என்று தடுமாறுகிறேன்.

பதில்: தமிழில் ஒரே 'தெரியும்' எல்லாவற்றையும் சுமப்பதால் வரும் தடுமாற்றம் இது. 'தெரியும்' வரும் இடத்தில் 'பழக்கம்' என்று போட்டுப் பாருங்கள். 'அவர் எனக்குப் பழக்கம்', 'லிமா எனக்குப் பழக்கமான ஊர்': பொருந்துகிறது, கொனோசேர் போடலாம். 'ரயில் எப்போது வரும் என்பது எனக்குப் பழக்கம்' என்று யாரும் பேச மாட்டார்கள். அது சபேர். எங்கே, எப்போது, யார் என்ற கேள்விச் சொற்களோ, 'அவர் வருவார் என்று தெரியும்' என்பதில் வரும் 'என்று'வோ இருந்தாலே சபேர்தான். நீந்தத் தெரியும், சமைக்கத் தெரியும் என்பவற்றுக்கும் அதுவே: 'சே நாதார்'.

'ஆளுக்குக் கொனோசேர், பொருளுக்குச் சபேர்' என்ற ஒற்றை வரியை மட்டும் நம்பாதீர்கள். 'முப்பதே நாளில் ஸ்பானிஷ்' என்று பணம் வாங்குகிறவர்கள் பரப்பும் சூத்திரம் அது. லிமா ஆளா? மெஸ்ஸி யார் என்று தெரியும் என்பதற்கு 'சே கியேன் எஸ் மெஸ்ஸி' என்கிறோம். ஆள் இருந்தும் சபேர். 'கொனோஸ்கோ ஆ மெஸ்ஸி' என்றால், நீங்கள் அவரோடு பழகியவர் என்று எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். அந்த நடு 'ஆ'வையும் இந்தச் சூத்திரக்காரர்கள் சொல்லித் தருவதில்லை. ஆளைக் குறிக்கும்போது அதை விட்டால் வாக்கியம் பிழை.

உண்மையான சிக்கல் இறந்தகாலத்தில்தான். 'சூபே' என்றால் 'எனக்குத் தெரிய வந்தது'. அந்தக் கணத்தில்தான் செய்தி கிடைத்தது. 'லா கொனோசி' என்றால் 'அவள் எனக்கு அறிமுகமானாள்', முதல் சந்திப்பு. அவளை முன்பே தெரியும் என்று சொல்ல வந்து 'லா கொனோசி' என்றால், அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தீர்கள் என்று ஆகிவிடும். ஏற்கெனவே தெரிந்திருந்த நிலைக்கு 'சபீயா', 'கொனோசீயா' என்ற வடிவங்கள் வேண்டும். தமிழில் 'தெரிய வந்தது' வேறு, 'தெரிந்திருந்தது' வேறு அல்லவா, அதே பிளவுதான்.

தமிழருக்கு இது எளிதாகப் பிடிபடக்கூடிய விஷயம். ஆனால் பல பாடநூல்கள் நிகழ்காலத்தை முதல் சில பாடங்களிலேயே முடித்துவிட்டு, இதைக் கடைசியில் ஓர் அடிக்குறிப்பாகத் தள்ளுகின்றன. தேர்வோ கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி மதிப்பெண் போட்டு நகர்ந்துவிடுகிறது. பேச வேண்டியவர் நீங்கள் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. நீங்களாவது உங்கள் குறிப்பேட்டில் 'சூபே' எதிரே 'தெரியும்' என்பதை அடித்துவிட்டு 'தெரிய வந்தது' என்றும், 'கொனோசி' எதிரே 'அறிமுகமானார்' என்றும் இன்றே எழுதிக்கொள்ளுங்கள்.