ஜஸ்பால் பட்டி பாணியில் மேடை நாடகம் போட முடியுமா?

கேள்வி: கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் கிளப்பின் ஓண விழாவுக்கு, பழைய தூர்தர்ஷன் ஜஸ்பால் பட்டி மாதிரி ஒரு நையாண்டி நாடகம் போட ஆசை. அவர் அப்படி என்னதான் செய்தார்? நாலு பேரை வைத்து எங்களால் முடியுமா?

பதில்:

தாராளமாக முடியும். பட்டியின் சரக்குக்குச் செட்டு தேவையில்லை. ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ஒரு தடித்த ஃபைல், முகத்தில் சிரிப்பே வராத ஒரு ஆள். இதில் கடைசி அயிட்டம்தான் கிடைப்பது கஷ்டம்.

ஆளைப் பற்றி முதலில். 1955 மார்ச் 3, அமிர்தசரஸில் பிறப்பு. சண்டிகரில் பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிகல் படிப்பு. அங்கேயே ‘நான்சென்ஸ் கிளப்’ என்று ஒன்றை வைத்து ஊழலைக் கிண்டலடித்துத் தெரு நாடகம் போட்டார். அப்புறம் ‘டிரிப்யூன்’ பத்திரிகையில் கார்ட்டூன். தூர்தர்ஷனில் ‘உல்டா புல்டா’ என்ற சில நிமிடத் துணுக்குகள் அவரை நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தன. 1989இல் ‘ஃப்ளாப் ஷோ’ வந்தது. எழுத்து, இயக்கம், நடிப்பு எல்லாம் அவரே. தயாரித்தவர் மனைவி சவிதா பட்டி, திரையிலும் அவரே மனைவி. விவேக் ஷௌக் ஒவ்வொரு வாரமும் ஒரு வேஷம் கட்டுவார். மொத்தமே 10 எபிசோடுதான். இத்தனை வருஷம் கழித்தும் அதைக் கேட்டு வருகிறீர்களே, அதுதான் அவருடைய கணக்கு.

அந்த 10இல் வந்தவை எல்லாம் சின்ன விஷயங்கள்: மருத்துவ பில் போட்டுக் காசு வாங்குவது, ஆராய்ச்சி மாணவனை வீட்டு வேலைக்கு விடும் பேராசிரியர், கலப்படக் கான்ட்ராக்டர், ஓயாத மீட்டிங், செத்துப்போன டெலிபோன். எந்த மந்திரியின் குரலையும் நடையையும் அவர் காப்பியடிக்கவில்லை. உங்கள் ஊரில் இங்கேதான் வழுக்கும். கொச்சியின் கலாபவன் குழு காலத்திலிருந்து மிமிக்ரி பார்த்துப் பழகிய கூட்டம் அது. மைக்கைப் பிடித்ததும் பையன்கள் ஏதாவது தலைவர் குரலில் ஆரம்பித்துவிடுவார்கள். கைதட்டல் வரும், ஆனால் அடுத்த தேர்தலில் அந்த ஜோக் செத்துவிடும். பட்டி ஆளை விட்டுவிட்டு நடைமுறையைப் பிடித்தார். மந்திரி மாறுவார், ஃபைல் மாறுமா?

ஆகவே ஒரே ஒரு காகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்தது சாதிச் சான்றிதழ். வில்லேஜ் ஆபீஸில் ‘பூர்வீகம் தமிழ்நாடு, அங்கே வாங்குங்க’ என்பார்கள்; பொள்ளாச்சி தாலுகா ஆபீஸில் ‘குடியிருப்பது கேரளா, அங்கே கேளுங்க’ என்பார்கள். ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தில்தான் நகைச்சுவை.

கிளார்க்கை வில்லனாக்கிவிடாதீர்கள். லஞ்சம் கேட்டு உருட்டி மிரட்டுகிறவரைப் பார்த்தால் கூட்டத்துக்குக் கோபம்தான் வரும். கிளார்க் நல்லவர், டீ வாங்கிக் கொடுப்பவர், பக்கத்து வீட்டுக்காரர். இப்படி:

“சார், என்னைத் தெரியலீங்களா? உங்க பக்கத்து வீடுங்க.”

“எனக்குத் தெரியும் பழனிச்சாமி. ஆபீஸுக்குத் தெரியாதே. நீங்க என் பக்கத்து வீடுன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க.”

“யாருகிட்டங்க?”

“பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட. நான் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவேன்.”

அடுத்த காட்சியில் அதே ஆள் வீட்டுத் திண்ணையில் லுங்கியோடு உட்கார்ந்து, “ஆபீஸ் வேலையை வீட்டுல பேசறதில்லீங்க” என்று கையெழுத்துப் போட மறுக்க வேண்டும். விதி ஒன்றே, அதை மூன்று படி ஏற்றுங்கள். முதல் படி நிஜம், ரெண்டாவது நம்பும்படி, மூன்றாவது அபத்தம். நேராக அபத்தத்தில் ஆரம்பித்தால் மேலே ஏற இடமிருக்காது. படிக்கு மூன்று நிமிடம், பாட்டோடு சேர்த்து 12 நிமிடத்துக்குள் முடியட்டும். பேச்சு சுமார் 900 சொல் போதும். சிரிப்புக்கும் நேரம் விட வேண்டுமே.

கிளார்க் மலையாளத்தில் பேசலாம், பழனிச்சாமி தமிழில். ரெண்டும் எல்லோருக்கும் புரியும் ஊர். ஆனால் யாருடைய உச்சரிப்பையும் கேலி செய்ய வேண்டாம். பாதி ஹால் மீதி ஹாலைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் நாடகம் போச்சு.

கைமைக் வேண்டாம். காகிதம் புரட்ட ரெண்டு கையும் தேவை. ஸ்டாண்ட் மைக் ரெண்டு வையுங்கள். மேசையைக் கூட்டத்தைப் பார்த்துச் சற்றுக் கோணலாகப் போட்டால் கிளார்க்கின் முகம் மறையாது. ஃபைலுக்குள் பழைய பேப்பரைத் திணித்து ஒரு சாண் உயரமாக்கிச் சிவப்பு நாடாவால் கட்டுங்கள், கடைசி வரிசைக்கும் தெரியும்.

பட்டியின் முத்திரைகள் ரெண்டை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று சமர்ப்பணம்: எபிசோடை யாரைக் கிண்டலடிக்கிறாரோ அவர்களுக்கே பணிவாகக் காணிக்கையாக்குவார். இன்னொன்று, முடிவில் சினிமா மெட்டில் ஒரு பகடிப் பாட்டு. ஒரு பல்லவி, ஒரு சரணம், ஒன்றரை நிமிடம். கரோக்கி டிராக்கை ஒன்றிரண்டு கட்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடித்து மூச்சு வாங்கும் ஆளால் ஒரிஜினல் சுருதியைப் பிடிக்க முடியாது.

பின்னாளில் அவர் படமும் எடுத்தார். 1999இல் ‘மாஹோல் டீக் ஹை’, பஞ்சாப் போலீஸைப் பற்றி. கடைசிப் படம் ‘பவர் கட்’, மின்வெட்டைப் பற்றி. எலக்ட்ரிகல் படித்தவர் எடுக்க வேண்டிய படம்தான். அதன் விளம்பரப் பயணத்தில், ரிலீஸுக்கு முந்தைய நாள், 2012 அக்டோபர் 25 அன்று ஜலந்தர் மாவட்டத்தில் ஷாகோட் அருகே கார் விபத்தில் இறந்தார். 2013இல் பத்ம பூஷண் அறிவித்தார்கள். வாழ்நாளெல்லாம் அவர் கிண்டலடித்த அரசாங்கமே கொடுத்தது.

பழனிச்சாமிக்குச் சான்றிதழ் கிடைக்கவே கூடாது. ஜெயித்துவிட்டால் அது சினிமா. ‘நாமெல்லாம் திருந்த வேண்டும்’ என்று யாரும் மைக்கில் பேசவும் கூடாது. பாட்டு முடிந்ததும் திரை. விழாக் கமிட்டியிடம் ஒன்பது மணிக்குள் நேரம் கேட்டு வாங்குங்கள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. பரிசளிப்பு எப்படியும் இழுக்கும், கடைசியில் வெட்டுவது நாடகத்தைத்தான்.